டகோட்டாவின் நான்கு படிக்கட்டுகள்

வணக்கம் சார்,

வேலை விஷயமாக நியூயார்க் போனபோது டகோட்டா கட்டடத்தைப் பார்த்தேன். பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன் சுடப்பட்ட இடம் என்பதால் வாசலில் எப்போதும் பத்துப் பேர் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குக் கட்டடமே விசித்திரமாக இருந்தது. செங்குத்தான கூரைகள், சுற்றிலும் அகழி மாதிரி ஒரு பள்ளம், அதன் இரும்பு வேலியில் தாடிக்காரத் தலைகள். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எதற்கு இந்தக் கோட்டை வேஷம்?

வளைவுக்குள் எட்டிப் பார்த்தபோது பெரிய முற்றம் ஒன்று தெரிந்தது. காவலாளி அதற்குமேல் விடவில்லை. எல்லோரும் ஒரு முற்றத்தைச் சுற்றி வாழ்வது என்ற எண்ணம் அன்றைக்கே அவர்களுக்கு இருந்திருக்கிறதே என்று தோன்றியது. இன்றைய அடுக்ககங்களில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரிவதில்லை. நாம் எங்கே அதைத் தொலைத்தோம்? ஊரைவிட்டு டகோட்டா பிரதேசம் அளவுக்குத் தள்ளி இருந்ததால் கிண்டலாக வைத்த பெயர் அது என்கிறார்களே, உண்மையா?

அன்புடன்
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெயர்க் கதையை முதலில் முடித்துவிடலாம். அது அச்சில் தலைகாட்டுவதே 1933இல்தான். அதற்குள் கட்டடத்துக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. கட்டியவர் எட்வர்ட் கிளார்க், சிங்கர் தையல் மெஷின் கம்பெனியின் பங்காளி. மேற்கே புதிதாக உருவாகிக்கொண்டிருந்த பிரதேசங்களின் பெயர்கள்மேல் அவருக்கு ஒரு மோகம். அந்தப் பக்கத்து அவென்யூக்களுக்கே மொன்டானா, வயோமிங் என்றெல்லாம் வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தவர். 72ஆவது தெரு வாசலுக்கு மேலே, உயரத்தில், அமெரிக்கப் பழங்குடி மனிதர் ஒருவரின் தலையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரார் கிண்டலுக்காக யாரும் அவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள்.

கோட்டை வேஷத்துக்குக் காரணம் இருந்தது. 1880இல் வேலை தொடங்கி 1884இல் முடிந்த கட்டடம் இது. அன்றைய நியூயார்க்கில் கொஞ்சம் வசதி உள்ள குடும்பம் என்றாலே தனி வீடுதான். ஒரே கூரையின் கீழ் பல குடும்பம் இருந்தால் அது டெனமென்ட், ஏழைகள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருக்கும் இடம். ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட் பாரிஸைப் பார்த்து வடிவமைத்த ஸ்டைவசன்ட் குடியிருப்பு 1870 வாக்கில் வந்து இந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்திருந்தது, அவ்வளவுதான். வாடகைக்கு வரப்போகும் பணக்காரரிடம் ‘இது டெனமென்ட் இல்லை’ என்று கட்டடம் பார்த்த மாத்திரத்தில் சொல்லியாக வேண்டும். கட்டடக் கலைஞர் ஹென்றி ஹார்டன்பர்க் அதற்கு ஜெர்மானிய மறுமலர்ச்சிக் காலத்துக் கூரைகளைக் கொண்டுவந்தார். (பின்னாளில் பிளாசா ஹோட்டலை வடிவமைத்தவரும் இவரே.) நீங்கள் அகழி என்று நினைத்த பள்ளம் அடித்தளத்து அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் போகும் வழி. தாடிக்காரத் தலைகள் வெறும் அலங்காரம். இந்த வெளித்தோற்றத்தில் எனக்குப் பெரிய சுவாரசியம் இல்லை. ஹார்டன்பர்க்கின் கெட்டிக்காரத்தனமெல்லாம் தரை வரைபடத்தில் இருக்கிறது.

முற்றத்தைப் பற்றி நீங்கள் நினைத்தது அங்கேதான் தலைகீழாகிறது. அன்று ஒருவர் வீடு திரும்புவதைப் பாருங்கள். குதிரை வண்டி வளைவுக்குள் நுழைந்து முற்றத்துக்கு வருகிறது. முற்றத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு வாசல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மாடிப்படி, தனி லிஃப்ட். அவர் தன் மூலையில் இறங்கி, தன் லிஃப்டில் ஏறித் தன் தளத்துக்குப் போகிறார். வரிசையாகக் கதவுகள் உள்ள நீளமான பொது நடைவழி எங்கேயும் குறுக்கிடுவதில்லை. திறந்தபோது மொத்தம் 65 வீடுகள்; ஆனால் அவர் தினசரி முகம் பார்க்க வேண்டியிருந்தது தன் மூலையில் இருக்கும் சிலரைத்தான். எதிர்மூலைக்காரரோடு ஆயுசுக்கும் ஒரு லிஃப்டில் நிற்க வேண்டியதில்லை. முற்றம் வண்டி திரும்புவதற்கு. உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதற்கு இல்லை.

வேலைக்காரர்களும் சாமான்களும் இந்த வழியில் வரவே கூடாது. அவர்களுக்காகக் கட்டடத்தின் நான்கு பக்கங்களிலும் நடுப்பகுதியில் வேறு லிஃப்டுகள். அவை சமையலறைப் பக்கம் போய்ச் சேரும். வீட்டுக்குள்ளும் இதே கணக்கு. வரவேற்பறையிலிருந்து அடுத்த அறை, அதிலிருந்து அதற்கடுத்தது என்று முக்கிய அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறக்கும். விருந்து நாளில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டால் விருந்தினர் அறை அறையாக நடந்து போகலாம். அதே அறைகளுக்கு ஒரு நடைவழியிலிருந்தும் கதவு உண்டு. விருந்தினரின் கால்நடுவே புகாமல் வேலைக்காரர் எந்த அறைக்கும் போய்வர அது. சந்திப்பை ஏற்படுத்த எவ்வளவு யோசிக்க முடியுமோ அவ்வளவும் யோசித்து சந்திப்பைத் தவிர்த்திருக்கிறார்கள்! ஆகவே ‘எங்கே தொலைத்தோம்’ என்ற உங்கள் கேள்விக்கு, இந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை தொலைக்க எதுவும் இருக்கவில்லை என்பேன். பக்கத்து வீட்டுக்காரர் தெரியாமல் வாழ்வது அங்கே ஒரு வசதியாகவே விற்கப்பட்டது.

சத்தத்திலும் இதே கொள்கை. பாரத்தைச் சுவர்களே தாங்கும் கட்டடம் இது. இரும்புச் சட்டகத்தின் மேல் உயரமான கட்டடம் எழுப்பும் முறை சிகாகோவில் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே கீழ்த்தளங்களில் சுவர்கள் பிரமாதமான தடிமன். தளங்களுக்கு நடுவே மண்ணையும் கொட்டி நிரப்பினார்கள். தீ பயம் ஒரு காரணம். மாடிவீட்டுக்காரர் நடப்பது கீழே கேட்கக் கூடாது என்பது இன்னொன்று.

ஒரு வேடிக்கை. கட்டடத்தின் உச்சித் தளங்களில் பெரும்பாலும் வேலைக்காரர் அறைகளும் துணி துவைத்து உலர்த்தும் அறைகளும்தான் இருந்தன. லிஃப்ட் புதுசு, உயரம் இன்னும் கௌரவம் ஆகியிருக்கவில்லை. கிளார்க் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது ஆறாவது தளத்தில், ஏறக்குறைய 49 அடி நீளக் கூடத்தோடு. பாவம், 1882இலேயே இறந்துவிட்டார். கட்டடம் பன்னிரண்டு வயதுப் பேரனுக்குப் போனது.

சரி, முற்றத்தால் வேறு என்ன பயன்? வெளிச்சம். வரவேற்பறைகளும் பெரிய படுக்கையறைகளும் தெருவைப் பார்க்கும். சாப்பாட்டறை, சமையலறை எல்லாம் முற்றத்தைப் பார்க்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பக்கமும் ஜன்னல் இருப்பதால் காற்று குறுக்கே ஓடும். அன்றைய நியூயார்க் அடுக்ககங்களில் இது அபூர்வம். 

இதே வருஷங்களில் இதே ஊரில் ஏழைகளுக்கு என்ன கட்டினார்கள் என்று பார்த்தால்தான் இந்த முற்றத்தின் விலை புரியும். 1879இல் டெனமென்ட் சட்டம் ஒன்று வந்தது. ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்றது. நகரத்தின் மனையோ 25 அடி அகலம், 100 அடி நீளம். கட்டுபவர்கள் மனையின் பெரும்பகுதியிலும் சுவர் எழுப்பி, நடுவில் மட்டும் இருபுறமும் இடுப்பை ஒடுக்கி, பக்கத்துக் கட்டடத்தோடு சேர்த்து ஒரு சந்து விட்டார்கள். நம் ஊர் கொத்தனார்கள் ஓ.டி.எஸ் (மேலே வானம் பார்த்துத் திறந்திருக்கும் இடைவெளி) என்று சொல்வார்களே, அந்த மாதிரி ஒன்று. உள்ளறை ஜன்னல்கள் அதில் திறந்தன. சட்டம் திருப்தி. வெளிச்சம் மேல்தளத்தோடு நின்றுவிட்டது. மேலே இருந்தவர்கள் குப்பையைக் கொட்டினார்கள். கோடையில் நாற்றம் ஏறியது. தீப்பிடித்தால் சந்தே புகைபோக்கியாகி நெருப்பை மேலே இழுத்தது. 1901இல் புதுச் சட்டம் வந்துதான் அந்தச் சந்துகளுக்கு முடிவு கட்டியது.

டகோட்டா 72க்கும் 73க்கும் இடையே, அவென்யூ பக்கம் ஏறக்குறைய 200 அடி முகப்பு. அதாவது எட்டு மனை அகலம். இப்படிப் பல மனைகளைச் சேர்த்து வாங்கி நடுவில் ஒரு பெரிய துண்டைக் காலியாக விட முடிந்தவருக்கு முற்றம்; ஒரு மனைக்காரருக்குச் சந்து. காற்றும் வெளிச்சமும் எப்படி வரும் என்ற அறிவு இரண்டு தரப்புக்கும் பொதுவாகத்தான் இருந்தது. டகோட்டாவைக் கட்டடக்கலைச் சாதனை என்று பாராட்டுபவர்கள் இந்த மனைக் கணக்கைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாதனைதான், மறுக்கவில்லை. பாதி சாதனை நிலப்பத்திரத்தில் இருக்கிறது.

1961 வரை கிளார்க் குடும்பத்தின் வாடகைக் கட்டடமாகவே இருந்தது. அப்புறம் குடியிருந்தவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கக் கட்டிய கட்டடத்தில், யாருக்கு வீடு விற்கலாம் கூடாது என்று குடியிருப்பவர்களே கூடி முடிவு செய்யும்படி ஆயிற்று. 1969இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது.

அடுத்த முறை போகும்போது முற்றத்துக்காகக் காவலாளியோடு மல்லுக்கட்டாதீர்கள், விடமாட்டார்கள். அதே நாளில் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதிக்கு ரயில் ஏறி, 97 ஆர்ச்சர்ட் தெருவுக்குப் போங்கள். 1863இல் கட்டிய டெனமென்ட், இப்போது அருங்காட்சியகம். நான் சொன்ன சட்டங்களுக்கெல்லாம் முந்தியது என்பதால் கட்டியபோது அதில் சந்துகூடக் கிடையாது. வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே போனதும், அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவரில் ஜன்னல் வைத்திருப்பதைக் கவனியுங்கள். தெருவோர அறையின் வெளிச்சத்தை உள்ளறைக்குக் கடன் கொடுப்பதற்காகப் பிற்பாடு வெட்டியது அது.