வீட்டில் பொழுதுபோக்கு மரவேலைக்கு எந்த ஸ்க்ரோல் சா வாங்கலாம்? பெரிய மெஷினுக்கு எப்போது மாறுவது?

16 அங்குலமா, 20 அங்குலமா, எத்தனை வாட் என்று கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்க்ரோல் சா என்பது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, பலகையை வளைவு நெளிவாக வெட்டும் மெஷின். முதலில் அதில் பிளேடை எப்படி மாட்டுவது என்று பாருங்கள்.

நானும் பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஃபிளாட்வாசிதான். முதல் மெஷினை 450 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஆன்லைனில் வாங்கினேன். ‘பின்’ (pin) வைத்த பிளேடு மட்டுமே அதில் போகும். 5 அங்குலப் பிளேடின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு குட்டி ஆணி இருக்கும், கொக்கியில் மாட்டினால் வேலை முடிந்தது. நல்ல வசதி என்றுதான் நினைத்தேன், தைப்பூசம் வரும்வரை.

தம்பி காவடிக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மயில் கேட்டான். தோகையில் மட்டும் அறுபது கண். உள்ளே வெட்ட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஓட்டை போட்டு, பிளேடைக் கழற்றி, ஓட்டை வழியே விட்டு, திரும்ப மாட்ட வேண்டும். அந்த ஆணி நுழைய 5 மில்லிமீட்டர் ஓட்டையாவது வேண்டும். கண்ணின் அளவே அவ்வளவுதான்! வெட்டி முடித்தபோது மயிலுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. பூவைச் சுற்றி மறைத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோனோம்.

‘பின்’ இல்லாத பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை போதும். அதனால் முதல் மெஷினே என்றாலும் அதை ஏற்கிறதா, ஸ்பேனர் தேடாமல் கையாலேயே திருகிப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அங்குலக் கணக்கு பிளேடிலிருந்து பின்பக்கத் தூண் வரை உள்ள தூரம். சாமி மாடம், பெயர்ப் பலகை அளவுக்கு 16 தாராளம்.

மாற்றுவதற்கு முன் ஒரு முப்பது நாற்பது வெள்ளிக்கு நல்ல பிளேடு வாங்கிப் போட்டுப் பாருங்கள். மெஷினைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் திட்ட வேண்டியது கூடவே வந்த பிளேடை. மெராந்தி பிளைவுட் அடிப்பக்கம் நார் நாராகக் கிளம்பினால் ரிவர்ஸ் டீத் பிளேடு, கீழே சில பற்கள் மேல்நோக்கி இருக்கும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 2 அல்லது 3ஆம் எண் பிளேடு, முக்கால் அங்குல ரப்பர் மரத்துக்கு 5ஆம் எண். புதுப் பிளேடில் எண்ணெய் இருக்கும், முனைகளை மணல்தாளில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் பிடியிலிருந்து நழுவும். மாட்டியதும் விரலால் சுண்டிப் பாருங்கள், தம்புராவுக்குச் சுருதி பார்ப்பதுபோல. ‘டிங்’ என்று கணீரென்று கேட்க வேண்டும், ‘தொப்’ என்றால் இன்னும் முறுக்குங்கள். கோடு ஒரு பக்கமாகவே இழுத்தால் பயப்பட வேண்டாம். பிளேடு செய்யும்போதே ஒரு பக்கம் சிறு பிசிர் நின்றுவிடும், பலகையைக் கொஞ்சம் சாய்த்துத் தள்ளினால் சரியாகிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் வெட்டும் நேரத்தைவிடப் பிளேடு மாட்டும் நேரம் அதிகமாகிறதா, மேசை அதிர்ந்து பென்சில் கோடே இரண்டாகத் தெரிகிறதா, அப்போது மாறுங்கள். எனக்கு அதற்கு மூன்று வருடம் ஆனது.

அமெரிக்காக்காரர்கள் வீடியோவில் புகழும் டிவால்ட் டிடபிள்யூ 788 மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் அது 120 வோல்ட் மெஷின். நம் 240இல் நேராகச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மரும் சேர்த்துத் தூக்க வேண்டும். உறவுக்காரர் யாராவது கொண்டுவருகிறேன் என்றால் இதைச் சொல்லிவிடுங்கள். நம் கடலோர ஈரத்தில் இரும்பு மேசை சீக்கிரம் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை மெழுகு தேய்க்கிறேன். கீழ்வீட்டு ஆன்ட்டிக்காக மெஷினுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய். தூளுக்கு மாஸ்க் கட்டாயம்.

இப்போது இருப்பது பட்டர்வொர்த்தில் செகண்ட்ஹேண்டாக எடுத்த 20 அங்குலம். பார்க்கப் போனபோது 50 சென் காசை மேசைமேல் விளிம்பில் நிறுத்தி, வேகத்தை மெதுவாகக் கூட்டச் சொன்னேன். விற்றவர், "என்னப்பா, மேஜிக் ஷோவா?" என்று சிரித்தார். முழு வேகத்திலும் காசு விழவில்லை. பேரம்கூடப் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.