கணினிக் கேள்வி-பதில்: எச்சரிக்கையின் வாயை எங்கே அடைப்பது?

கேள்வி: எங்கள் தோட்டத்து எடைமேடையில் பதிவாகும் செம்பனைக் குலை எடைகளைக் கூட்டிக் காட்ட சி மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். விடை சரியாகத்தான் வருகிறது. நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரில், எச்சரிக்கைகளைக் கூடுதலாகக் காட்டும் ‘-டபிள்யூஆல் -டபிள்யூஎக்ஸ்ட்ரா’ போட்டால் மட்டும் 40 எச்சரிக்கைகள். சிறிய எழுத்து ‘-டபிள்யூ’ போட்டதும் ஒன்றும் இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் ஐயா. சிறிய டபிள்யூ எல்லா எச்சரிக்கைகளையும் சேர்த்து மூடிவிடும். நாளைக்கு நீங்கள் செய்யப்போகும் தவறும் அதற்குள் போய்விடும். ஒவ்வொரு எச்சரிக்கையின் கடைசியிலும் சதுர அடைப்புக்குள் அதன் பெயர் இருக்கும். பெயர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள், நாற்பதும் மூன்று நான்கு வகைக்குள் அடங்கிவிடும்.

நீங்கள் அனுப்பிய நிரல் பகுதியில் ஆபத்தானது ‘சைன்-கம்பேர்’, அதாவது குறியுள்ள எண்ணைக் குறியில்லாத எண்ணோடு ஒப்பிடுவது. லாரி எண் கிடைக்காவிட்டால் உங்கள் பங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) -1 தருகிறது. அதை, கழித்தல் குறியே இல்லாத ‘சைஸ்_டி’ வகை எண்ணோடு ஒப்பிடுகிறீர்கள். ஒப்பிடும்போது -1 குறியில்லாத எண்ணாக மாறி, 64-பிட் கணினியில் 18446744073709551615 ஆகிவிடும். ‘சிறியதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றே பதில் வரும். எண் கிடைக்காத லாரி இன்னும் வரவில்லை, அதனால்தான் விடை சரியாக இருக்கிறது. முதலில் சுழியத்துக்குக் கீழா என்று பாருங்கள். பிறகு வகை மாற்றி ஒப்பிடுங்கள். லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எண்ணியையே ‘சைஸ்_டி’ ஆக்கலாம்தான், ஆனால் மேலிருந்து கீழே எண்ணும் லூப்பில் ‘சுழியத்துக்குக் குறையாதவரை’ என்று எழுதினால் அது நிற்கவே நிற்காது.

‘சைஸ்_டி’ எண்ணை அச்சிடும் குறி பொருந்தவில்லை என்னும் ‘பார்மட்’ எச்சரிக்கைக்கு, விழுக்காட்டுக் குறியை அடுத்து ‘டி’ இருக்கும் இடத்தில் ‘இசட்யூ’ போட்டால் போதும்.

அடக்க வேண்டியது, பங்ஷனுக்குக் கொடுத்த மதிப்பைப் பயன்படுத்தவில்லை என்னும் ‘அன்யூஸ்டு-பாராமீட்டர்’ ஒன்றைத்தான். அது வரும் கால்பேக் பங்ஷனை நீங்கள் எழுதினாலும் அழைப்பது வேறொரு நிரல், அதனால் அதன் வடிவம் உங்கள் கையில் இல்லை. உள்ளே முதல் வரியில் அந்தப் பெயருக்கு முன் அடைப்புக்குள் ‘வாய்ட்’ எழுதுங்கள். பல வரிகளுக்கு அடக்க ‘பிராக்மா ஜிசிசி டயக்னாஸ்டிக்’ என்ற கட்டளை உண்டு: புஷ் (இப்போதைய நிலையைச் சேமிக்க), இக்னோர்டு (அடக்க), பாப் (பழைய நிலைக்குத் திரும்ப). பாப்பை மறந்தால் அந்தக் கோப்பின் முடிவுவரை எச்சரிக்கை வராது. பிறர் எழுதிய ஹெடர் கோப்புகளின் (பங்ஷன்களை அறிவிக்கும் கோப்புகள்) பாதையை ‘-ஐ’க்குப் பதில் ‘-ஐசிஸ்டம்’ கொண்டு கொடுத்தால் அவற்றின் சத்தமும் அடங்கும்.

கேள்வி: எச்சரிக்கையோடு ஓடிய பழைய நிரல், புதிய ஜிசிசியில் பிழை என்று நின்றுவிடுகிறதே?
– வாசகி, பாகான் செராய்

பதில்: அறிவிக்காத பங்ஷனை அழைத்திருப்பீர்கள். சி மொழியின் சி99 தரத்திலேயே அதற்கான அனுமதி நீக்கப்பட்டுவிட்டது. 2024-இல் வந்த ஜிசிசி 14 அதைப் பிழையாகவே எடுக்கிறது. உரிய ஹெடரைச் சேருங்கள், அம்மா.