டிராகன் ஏஜ் 2: பாதியில் நிறுத்தியவருக்கு ஒரு பதில்

கேள்வி: டிராகன் ஏஜ் வீடியோ கேமின் முதல் பாகத்தை மூன்று முறை விளையாடி முடித்தவன் நான். இரண்டாம் பாகம் ஏமாற்றிவிட்டது, பாதியில் விட்டுவிட்டேன். திரும்பத் தொடரலாமா?

பதில்: தொடருங்கள். உங்கள் கோபம் நியாயம்தான். 2009-ல் வந்த முதல் பாகமான ஆரிஜின்ஸில் ஆறு விதமான தொடக்கக் கதைகள் இருந்தன. 2011 மார்ச்சில், ஒன்றரை வருடம்கூட ஆகாமல் வந்த இரண்டாம் பாகத்தில் நாம் விளையாட ஹாக் என்கிற ஒரே மனிதர், அப்புறம் எங்கே போனாலும் அதே குகை, அதே வளைவு, அடைத்து வைத்த கதவு மட்டும் இடம் மாறியிருக்கும். எனக்கும் அலுத்துத்தான் போனது.

ஆனால் இதில் உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு உங்கள் தலையில் இல்லை. அகதிகளாகக் கர்க்வால் நகரத்துக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பம் ஏறக்குறைய பத்து வருடங்களில் என்னவாகிறது என்பதுதான் கதை, அதை ஹாக்கின் நண்பன் வேரிக் ஒரு விசாரணையில் உட்கார்ந்து, இடையிடையே கொஞ்சம் அளந்துவிட்டும் சொல்கிறான். இந்தக் கதையின் இரண்டாம் கட்டத்தில் ஹாக்கின் அம்மாவுக்கு வெள்ளை லில்லிப் பூக்கள் வரும். அதன் பிறகு நடப்பதை நான் சொல்லமாட்டேன், அந்த இடம் வரைக்குமாவது விளையாடுங்கள். முதல் பாகத்தில்கூட எதுவும் என்னை அப்படி உலுக்கவில்லை.