அரசவை இல்லாத ஊரில் அரசவைத் தோட்டம்

கேள்வி: ஜெர்மனியில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, டுசல்டோர்ஃப் நகரின் நடுவே உள்ள ஹோஃப்கார்டன் பூங்காவில் மாலைதோறும் நடப்பேன். 'அரசவைத் தோட்டம்' என்று அதற்குப் பெயராம். ஆனால் கட்டணமும் இல்லை, காவலும் இல்லை. அரசரை விரட்டிவிட்டுத்தான் மக்கள் அதைப் பெற்றார்களா?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: விரட்டுவதற்கு ஊரில் அரசரே இல்லை. 1716இல், அங்கிருந்து ஆண்ட யோஹான் வில்ஹெல்ம் மறைந்ததும் அரசவை டுசல்டோர்ஃபை விட்டு நீங்கியது; பின்வந்தவர்கள் ஹைடல்பெர்க்கிலும், அதன்பின் மன்ஹைமிலும் இருந்தபடியே ஆண்டார்கள். மதிலுக்கு வெளியே இருந்த அரச குடும்பத்துத் தோட்டத்தைக் கவனிப்பார் இல்லை. 1769இல், பிழைப்பின்றித் தவித்த ஏழைகளுக்குக் கூலி வேலை தரவும், நகரத்தார் உலாவ ஓர் இடம் அமைக்கவும் எண்ணி, ஆட்சியாளர் கார்ல் தியோடோரின் பிரதிநிதியாக அங்கிருந்த கோல்ட்ஸ்டைன் பிரபு, நிக்கோலா தெ பிகாஜ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு இத்தோட்டத்தை அமைக்கச் செய்தார். பெயரில்தான் அரசவை, தொடக்கம் முதலே அது ஊரார் நடமாடிய இடம்.

இதே கார்ல் தியோடோர் பின்னர் மியூனிக்கிற்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள அரசவைத் தோட்டத்தையும் மக்களுக்குத் திறந்துவிட்டார். அந்நகரின் புகழ்பெற்ற ஆங்கிலத் தோட்டத்துக்கு அவர் ஆணையிட்டது 1789 ஆகஸ்டில், அதாவது பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் தாக்கி பாரிஸின் பாஸ்டில் சிறை வீழ்ந்த அடுத்த மாதம். தாராள மனத்தோடு சற்று அச்சமும் அதில் கலந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

டுசல்டோர்ஃபின் தோட்டம் 1795இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்த காலத்தில் பெரும் சேதமடைந்தது. ஆயினும் 1801இல் பிரான்சுக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே ஏற்பட்ட லூனேவீல் அமைதி உடன்படிக்கையை அடுத்து நகரின் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டதால், வேறெவ்வகையிலும் கிடைத்திராத பரந்த நிலம் பூங்காவுக்கு வாய்த்தது. அந்நிலத்தை மாக்ஸிமிலியன் வைஹே என்ற தோட்டக்கலைஞர், வளைந்த பாதைகளும் நீர்நிலைகளும் மரக்கூட்டங்களுமாக மாற்றினார். நகரை அழகுபடுத்தும் பணிக்கு, அப்போது அப்பகுதியைத் தம் ஆட்சியில் வைத்திருந்த பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் 1811இல் ஓர் ஆணையும் பிறப்பித்தார்.

அவ்வாண்டு நவம்பரில் நெப்போலியன் அங்கு வந்தபோது, பதின்மூன்று வயதுச் சிறுவனாக நின்று பார்த்தவர் பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற ஹைன்ரிஹ் ஹைனே. சாலைமரங்களின் நடுவே குதிரையில் செல்வோருக்கு ஐந்து தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) அபராதம் என்ற காவல்துறை விதி தம் நினைவுக்கு வந்ததாகவும், பேரரசரோ பரிவாரத்துடன் நட்டநடுவே குதிரையில் சென்றதாகவும் அவர் குறும்பாக எழுதியிருக்கிறார். பூங்காவில் நடப்பவரைக் காக்க ஆட்சியாளரையே தடுக்கக்கூடிய ஒரு விதி, ஏட்டளவிலாவது, அப்போதே இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அடுத்த முறை செல்லும்போது யேகர்ஹோஃப் மாளிகையை நோக்கி நூல் பிடித்தாற்போல் நீளும் சாலையைப் பாருங்கள். அது பிகாஜின் காலத்துப் பகுதி. வளைவுகளும் மேடுகளும் வைஹேயின் கைவண்ணம். பெருமரங்களுக்கிடையே ஆங்காங்கே இளமரங்களைக் கண்டிருப்பீர்கள். 2014 ஜூனில் வீசிய கடும்புயலில் ஏராளமான முதுமரங்கள் சாய்ந்துவிட்டதால் புதிதாக நட வேண்டியதாயிற்று.