எண் ஒன்று, குணம் இரண்டு

கேள்வி: திருகோணமலையில் பொலித்தீன் பை ஊதும் சிறிய பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். அண்மையில் வாங்கிய இரண்டு மூடை மணிகளிலும் உருகு ஓட்டச் சுட்டி 2 என்றே அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் உருகிய பொலித்தீனைக் காற்றூதி விரிக்கும்போது ஒன்றின் குமிழ் அசையாமல் நின்றது. மற்றதன் குமிழ் தள்ளாடிக் கிழிந்தது. மூலக்கூற்று அமைப்பைக் கொண்டு இதை முன்கூட்டியே கணிக்க முடியாதா?

பதில்: முடியும், ஆனால் மூடையில் உள்ள எண்ணைக் கொண்டு முடியாது. 190 பாகை செல்சியஸில் உருகிய பொலித்தீன், 2.16 கிலோ எடையின் கீழ், சிறு துளையொன்றினூடாக 10 நிமிடத்தில் எத்தனை கிராம் இறங்குகிறது என்பதே அந்த எண். இடியப்ப உரலில் மா எவ்வளவு இலகுவாக இறங்குகிறது என்று பார்ப்பது போலத்தான். குமிழிலோ பொலித்தீன் பிழியப்படுவதில்லை, இழுபடுகிறது.

பொலித்தீனின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். உருகிய நிலையில் அவை, உங்கள் கடற்கரையில் குவிந்து கிடக்கும் நைலோன் வலையைப் போல, ஒன்றோடொன்று சிக்குப்பட்டிருக்கும். சிக்குப்படும் அளவுக்கு அவை நீண்டுவிட்டால், மூலக்கூற்றுத் திணிவு இரட்டிப்பாகும்போது பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் தன்மை, ஏறத்தாழ 10 மடங்காகிறது. அதாவது திணிவின் 3.4ஆம் அடுக்கில் ஏறுகிறது. ஒவ்வொரு சங்கிலியும் அயற்சங்கிலிகள் அமைத்த குழாயொன்றுக்குள் பாம்புபோல் நெளிந்தே வெளியேறும் என்று பிரான்சின் இயற்பியலாளர் டி ஜென் 1971இல் விளக்கினார். 1978இல் இயற்பியலாளர்களான டோயும் எட்வர்ட்சும் அதை ஓட்டக் கோட்பாடாக விரித்தனர். அக்கணக்கில் கிடைத்த அடுக்கு 3 மட்டுமே. சங்கிலியின் நுனிகள் ஓயாமல் உள்ளிழுபட்டு நீள்வதையும் சேர்த்த பிறகே கணக்கு 3.4ஐ நெருங்கியது.

நீண்ட கிளை விட்ட சங்கிலியால் இப்படி ஊர முடியாது. கிளை தன் குழாயிலிருந்து முழுதாகப் பின்வாங்கினால்தான் அது பிரியும் கணு சற்றே நகரும். 1998இல் மக்லீஷ், லார்சன் என்ற ஆய்வாளர்கள் இருமுனையிலும் குஞ்சம் கட்டிய சங்கிலியைக் கற்பனை செய்து, அத்தகைய பொலித்தீன் இழுக்க இழுக்க ஏன் விறைக்கிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினர். குமிழைத் தாங்குவது அந்த விறைப்பே. ஆயிரக்கணக்கான காபன் அணுக்களுக்கு ஒரு கிளை இருந்தாலே ஓட்டம் மாறிவிடும். அவ்வளவு அரிதான கிளையை அளப்பதுதான் கடினம். என் எண்ணத்தில் கணிப்பு சறுக்குவது கோட்பாட்டைவிட இந்த அளவீட்டிலேயே.

தள்ளாடிய மூடையில் எல்எல்டிபிஇ (நேர்கோட்டுக் குறை அடர்த்திப் பொலித்தீன்) என்று இருக்கிறதா பாருங்கள். அதில் நீண்ட கிளைகள் பெரும்பாலும் இல்லை. துளையிலிருந்து இறங்கும் இழையைக் குறட்டால் பிடித்து இழுத்தாலும் வேறுபாடு கைக்குத் தெரியும். அந்த மணிகளை வீசிவிட வேண்டாம். நீண்ட கிளைகள் கொண்ட எல்டிபிஇ (குறை அடர்த்திப் பொலித்தீன்) நூற்றுக்கு 20 பங்கு கலந்து ஊதிப் பாருங்கள்.