1907 பயனெட்: '5 17' முத்திரை இருந்தும் கொக்கி வருமா?

பயனெட் என்பது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. பிரிட்டனின் 1907 பயனெட்டுகள் சிலவற்றில், கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் காப்பில் ஒரு வளைந்த கொக்கி இருக்கும். ஆனால் பிரிட்டனில் செய்த கத்தியின் அலகில் 1907-க்குக் கீழே '5 17' என்று அடித்திருந்தால், அந்தக் கொக்கி கத்தியோடு பிறந்ததில்லை. 1907 என்பது மாடல். கீழே இருப்பதுதான் தயாரித்த மாதமும் வருடமும், அதாவது 1917 மே. பிரிட்டன் 1913-லேயே கொக்கியைக் கைவிட்டுவிட்டது.

கொக்கி இருந்தால் விலை எகிறும் என்று யாரோ பிற்பாடு பற்றவைத்திருப்பார்கள். குறுக்குக் காப்போடு கொக்கி சேரும் இடத்தை லென்ஸில் பாருங்கள். அசலில் இரண்டும் ஒரே துண்டு. ஒட்டுக்கோடோ, நிறம் மாறிய திட்டோ, புது அரம் தேய்த்த கீறலோ தெரிந்தால், கொக்கி பிற்பாடு ஒட்டியதுதான். பார்ப்பதற்கு முன் துருவைத் தேய்த்துவிடாதீர்கள், தடயம் போய்விடும்.

கைப்பிடி நுனியில் துளை இருப்பதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. 1916 முதல் வந்த அந்தத் துளையைப் பழைய கத்திகளிலும் போட்டார்கள். அப்புறம், ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆயுதத் தொழிற்சாலையில் 1913-க்குப் பிறகும் கொஞ்ச காலம் கொக்கியோடு செய்தார்கள். முத்திரை யாருடையது என்றும் பாருங்கள்.