பிரம்பும் டிசியும் இல்லாமல்

அன்புள்ள ஐயா,

ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்களுக்கு டிசி கொடுத்து அனுப்புவது தவறு என்று எழுதியிருந்தீர்கள். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. என் ஒன்பதாம் வகுப்பில் 42 பேர். அதில் 5 பையன்கள் தினமும் பாடத்தைக் கெடுக்கிறார்கள். போர்டு பக்கம் திரும்பினால் விசில். கண்டித்தால், ‘அடிங்க மிஸ், வீடியோ எடுக்கிறோம்’ என்கிறார்கள். ஹெச்.எம்.மிடம் சொன்னால், ‘அனுசரிச்சுப் போங்கம்மா’ என்கிறார். மிச்சம் 37 பிள்ளைகளுக்குப் படிக்கும் உரிமை இல்லையா? நாங்கள் என்னதான் செய்வது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்த 37 பிள்ளைகளுக்காக நீங்கள் கோபப்படுவது நியாயம். விசிலடிப்பவனை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டிசி வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் பையன்கள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. அதுவரை நம் மாநிலத்தில் ஆல் பாஸும் உண்டு. ஒன்பதில் இரண்டும் போய்விடுகின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 வயது முடிந்தவனை ஆபத்தான தொழில்களைத் தவிர மற்ற வேலைகளில் வைத்துக்கொள்ள விடுகிறது. அதாவது, பள்ளி அவனை வெளியே தள்ளக்கூடிய அதே வயதில்தான் பட்டறையும் பனியன் கம்பெனியும் கதவைத் திறக்கின்றன.

2022இல் ஆசிரியர்களை மாணவர்கள் மிரட்டும் வீடியோக்கள் வரிசையாக வந்தன. அந்த மே மாதம் சட்டமன்றத்தில் அமைச்சர் அன்பில் மகேஸ், டிசியில் காரணத்தை எழுதி நீக்குவோம் என்று அறிவித்தார். பலர் கைதட்டினார்கள். எனக்கு அன்றைக்கும் மனசு ஒப்பவில்லை. அப்படி எழுதிய டிசியோடு வருபவனை எந்த ஹெச்.எம். சேர்த்துக்கொள்வார்?

ஒன்று செய்து பாருங்கள். அந்த 5 பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். இரண்டு மூன்று பேராவது எழுத்துக்கூட்டுவார்கள் என்பது என் ஊகம். நானும் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவன்தான். பாடம் புரியாமல் 40 நிமிஷம் உட்கார்ந்திருப்பது ஒரு பையனுக்கு எவ்வளவு அவமானம் என்று பார்த்திருக்கிறேன். முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட ரவுடி என்று பெயர் வாங்குவது அவனுக்கு மேல். 6 முதல் 9 வரை பின்தங்கியவர்களுக்காக 2025இல் அரசு தொடங்கிய ‘திறன்’ திட்டம் இதற்காகத்தான். உங்கள் பள்ளியில் அந்த வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பாருங்கள்.

அதற்காக விசிலுக்குக் கண்டிப்பு வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். ஆனால் அது சின்னதாக, அன்றைக்கே, ஒருநாள்கூடத் தப்பாமல் இருக்க வேண்டும். பாடத்தைக் கெடுத்தவன் சாயங்காலம் அரைமணி நேரம் இருந்து, அன்றைய பாடத்தை எழுதிவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். இதை நீங்கள் மட்டும் செய்தால் நடக்காது. தமிழ் ஐயாவும் பி.இ.டி. சாரும் அதே விதியைப் பிடிக்க வேண்டும், ஹெச்.எம். பக்கத்தில் நிற்க வேண்டும். ‘அனுசரிச்சுப் போங்க’ என்று அவர் சொன்ன அன்றே அந்தப் பையன்களுக்கு நீங்கள் தனியாள் என்று தெரிந்துவிட்டது. எனக்கு உங்கள் மாணவர்களைவிட அவர்மீதுதான் அதிகக் கோபம். பையன்கள் வகுப்புக்குப் போன் கொண்டுவரும் விஷயத்தையும் காலையிலேயே முடிக்க வேண்டியவர் அவர்தான்.

‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று பகலில் அனுப்பாதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒருநாள் சம்பளம். அந்த ஆத்திரத்தில் வந்து, எல்லோர் முன்னாலும் பிள்ளையை அடித்துவிட்டுப் போவார்கள். பிரம்பு நம் கையிலிருந்து அப்பா கைக்கு மாறியதுதான் மிச்சம். சாயங்காலம் போனில் பேசுங்கள், முடிந்தால் வீட்டுக்கே போங்கள்.

பையன் உங்கள்மீது கை ஓங்கினால் கதை வேறு. அதை ஹெச்.எம். எழுத்தில் பதிந்து, மேலே அனுப்பியே ஆக வேண்டும்.

அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த 37 பிள்ளைகளின் அம்மாக்களில் சிலரும் அதில் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் இந்தச் சாயங்கால விதியை அவர்கள் முன்னால் வைத்து, தீர்மானமாக எழுதி வாங்குங்கள். ஹெச்.எம். அதிலும் கையெழுத்துப் போட மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.